தறி நின்ன பின்னாடியும் இறங்காத தோள்: கவனிச்சு அசையப் பழகறது பத்திப் பேசலாமுங்க

சோமனூர்_தறிவீடு

எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம பக்கத்துல உடம்பு வலின்னு சொன்னா பேச்சு ரெண்டே இடத்துல போயி முடிஞ்சுருது. ஒண்ணு, "ஓய்வு எடு". இன்னொண்ணு, "ஜிம்முக்குப் போ, காலைல நட". ரெண்டையும் நான் குத்தம் சொல்லலீங்க. ஆனா நாம எப்படி அசையறோம்னு தெரிஞ்சு, மெதுவா, வேற மாதிரி அசையக் கத்துக்கறதுன்னு மூணாவதா ஒண்ணு இருக்கு. அதப் பத்திப் பேசத்தான் இந்த இழை.

எங்க வீடு விசைத்தறி வீடு. அப்பா முப்பது வருசத்துக்கு மேல தறி ஓட்டினவர். ரெண்டு தறிக்கு நடுவால நிக்கறது, பாவு நூல் அறுந்தா ஒரே பக்கமாச் சாஞ்சு எட்டி முடிச்சுப் போடறது, நாடாவுக்குள்ள நூல் சுத்தின தார் தீந்தா, அந்த நாடாவ எடுத்து மாத்தறது. வருசக்கணக்கா இதே வேலை, இதே பக்கம். தறிய வித்தாச்சு. ஆனா டீ டம்ளர எடுக்கக் கை நீட்டினாக்கூட இன்னைக்கும் வலது தோள் முதல்ல காதுகிட்ட ஏறுது. "தோள எறக்குங்கப்பா"ன்னா எறக்குவார். அடுத்த பேச்சுல மறுபடி ஏறிரும். ஏறியிருக்கறது அவருக்கே தெரியறதில்ல.

அங்கதான் எனக்கு இந்த விசயம் புரிஞ்சுது. அவர் தசை பலமில்லாம இல்ல. அந்தத் தசைய விடறதுக்கு மூளைக்கு மறந்துபோச்சு. அமெரிக்காவுல தாமஸ் ஹன்னாங்கறவர் இதுக்கு உணர்வு இயக்க மறதின்னே பேர் வெச்சார். மறந்தத வெயிட் தூக்கி ஞாபகப்படுத்த முடியாது, கவனிச்சுத்தான் ஞாபகப்படுத்தணும்.

இந்த வழியில நெம்ப ஆழமாப் போனவர் மோஷே ஃபெல்டன்கிரைஸ். 1904ல இப்ப உக்ரைன்ல இருக்கற ஸ்லாவுத்தாவுல பொறந்தவர். பாரிசுல இஞ்சினியரிங், இயற்பியல் படிச்சு ஜோலியோ-கியூரி ஆய்வகத்துல வேலை பார்த்தவர். 1933ல ஜூடோவ உருவாக்கின ஜிகோரோ கானோவப் பாரிசுல சந்திச்சு ஜூடோவுல எறங்கினார். கால்பந்து ஆடி முழங்கால் ஏற்கெனவே கெட்டிருந்துச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயம் பிரிட்டனுக்குத் தப்பிப்போயி நீர்மூழ்கி எதிர்ப்பு ஆராய்ச்சியில இருந்தப்ப, ஈரமான கப்பல் தளத்துல வழுக்கி அது இன்னும் மோசமாச்சு. அறுவைச் சிகிச்சை பலிக்கும்னு டாக்டருங்களால உறுதியாச் சொல்ல முடியல. அவர் வேண்டாம்னுட்டு, தான் எப்படி நடக்கறோம், எடைய எந்தக் கால்ல எப்ப மாத்தறோம்னு தன்னையே கவனிச்சுக் கவனிச்சு நடையத் திருப்பிக் கத்துக்கிட்டார். அதுதான் பின்னால குழுவாத் தரையில படுத்துப் பண்ற பாடமாவும், ஆசிரியர் கையால தொட்டு நடத்தற தனிப்பாடமாவும் ரெண்டு கிளையா வளந்துச்சு.

நான் ஆசிரியை இல்லீங்க. இணையத்துல பாடம் கேட்டு, வீட்டுல ஜமக்காளம் விரிச்சுப் பண்ணிப் பாக்கறவ. உங்க அனுபவம், சந்தேகம், எதிர்ப்பு எல்லாமே எழுதுங்க.

கோவை_இயன்முறை

நல்ல தலைப்பு. நான் பிசியோதெரபிஸ்ட். முதல்ல ஒரு கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கா? கையை மேலே தூக்கும்போதும், முதுகுப் பக்கம் கொண்டுபோகும்போதும் வலியும் தடையும் இருக்கா? சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு தளர்வு என்று ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட இழுக்கும். அது மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துப்போவது. கவனித்து அசைவதால் மட்டும் அது விடாது. பழக்கத்தால் ஏறும் தோள் வேறு, உறை இறுகிய தோள் வேறு. யாராவது ஒருவர் கையால் அசைத்துப் பார்த்துச் சொன்னால்தான் தெரியும்.

அதற்கு அப்புறம் நீங்கள் சொல்வதை முழுசாக ஏற்கிறேன். எங்கள் துறையிலேயே பத்து தடவை தூக்கு, பத்து தடவை மடக்கு என்று தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பத்தை முடிப்பார். தோள் வேலை செய்ய வேண்டிய இடத்தில் கழுத்து வேலை செய்திருக்கும். எண்ணிக்கை சரியாக இருக்கும், அசைவு தப்பாக இருக்கும்.

சோமனூர்_தறிவீடு

சர்க்கரை இருக்குங்க சார். எலும்பு டாக்டர்கிட்டக் காட்டியாச்சு. கை முழுசாத் தூக்க வருது, உறை இறுகலைன்னுதான் சொன்னாங்க. நீங்க இதக் கேட்டது நல்லது. படிக்கறவங்க எல்லாரும் அந்த வரிசையிலயே போங்க: முதல்ல டாக்டர், பொறகுதான் இந்தப் பாடம்.

திருப்பூர்_ஓவர்லாக்

அக்கா நான் பனியன் கம்பெனில டைலர். பீஸ் ரேட்டு. குனிஞ்ச தலை நிமிர மாட்டேன். பொடனில இருந்து தோள்பட்டை வரைக்கும் கல்லு மாதிரி இருக்கு. வலது கால் பெடல்லயே இருக்கறதால இடுப்பு ஒரு பக்கம் இழுக்குது. மாத்திரை போட்டா ரவைக்குத் தூக்கம் வருது, காலைல மறுபடி அதே. படுத்துப் பண்றதுக்கெல்லாம் நேரம் கிடையாது. உக்காந்த இடத்துல ஏதாவது இருந்தாச் சொல்லுங்க.

சோமனூர்_தறிவீடு

இருக்கு கண்ணு. ஃபெல்டன்கிரைஸ் வழியில நெம்பத் தெரிஞ்ச பாடம் ஒண்ணு, டீ நேரத்துலயே பண்ணிப்பாரு.

ஸ்டூல்ல ரெண்டு பாதமும் தரையில படற மாதிரி உக்காரு. தலைய மெதுவா வலது பக்கம் திருப்பு. இழுக்காத, தானா எங்க நிக்குதோ அங்க நிறுத்து. எதிர்ச் சுவத்துல எந்த இடம் தெரியுதுன்னு குறிச்சுக்க. நடுவுக்கு வா. இப்பத் தலைய வலது பக்கம் திருப்பும்போது கண்ண மட்டும் இடது பக்கம் கொண்டு போ. மொதல்ல குழப்பமா இருக்கும், பரவால்ல, சின்னதாப் பண்ணு. நாலஞ்சு தடவை போதும். கொஞ்சம் சும்மா இரு. அடுத்து, தலை வலது பக்கம் போறப்பத் தோள் இடது பக்கம் போகட்டும். மறுபடி சும்மா இரு. கடைசியா முதல்ல பண்ண மாதிரியே தலைய வலது பக்கம் திருப்பி, சுவத்துல எந்த இடம் தெரியுதுன்னு பாரு. நெறையப் பேருக்கு முன்ன பாத்த இடத்தத் தாண்டிப் போகும்.

எந்தத் தசையையும் நீ இழுத்து நீட்டல. எப்பவும் ஒட்டுக்காத் திரும்பிட்டு இருந்த கண்ணு, தலை, தோள் மூணையும் பிரிச்சு விட்டே, அவ்வளவுதான். மிஷின்ல கண்ணு ஊசியிலயே நிக்கறதால பொடனி அத விட்டு நகராமப் புடிச்சு வெச்சிருக்கு. தலை சுத்தல், கழுத்து எலும்புத் தேய்மானம், கையில மரமரப்பு இருந்தா மட்டும் பண்ணாத, சார்கிட்டக் கேட்டுக்க.

இடது பக்கத்துக்கு இன்னொண்ணு பண்ணு: அசையாம, கண்ண மூடி, அதே மாதிரி இடது பக்கம் திரும்பறதா மனசுல மட்டும் நடத்திப் பாரு. அப்பறம் நிசமாத் திரும்பிப் பாரு. என்ன ஆச்சுன்னு இங்க எழுது.

கோபி_மஞ்சக்காடு

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். படிக்கப் படிக்க மனசுல ஒரு சங்கடம். அந்தப் பொண்ணுக்குப் பொடனி வலிக்கறது கண்ணு தலை பிரியாததால இல்லீங்க. சாய்மானம் இல்லாத ஸ்டூல், உயரம் சரியில்லாத டேபிள், பீஸ் ரேட்டு, ஓவர்டைம். உடம்பக் கவனின்னு தொழிலாளிகிட்டச் சொல்றது, அவ வலிக்கு அவளே பொறுப்புன்னு சொல்ற மாதிரி ஆயிடக்கூடாது. முதல்ல நாற்காலியப் பத்திப் பேசுங்க.

திருப்பூர்_ஓவர்லாக்

அண்ணா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நெசம். நாற்காலி கேட்டுட்டுத்தான் இருக்கோம். கிடைக்கற வரைக்கும் பொடனி எனக்கு வேணுமில்லீங்களா? ரெண்டையும் கேக்கறேன்.

அக்கா, அந்தத் தலை திருப்பறது பண்ணேன். தூண் வரைக்கும் தெரிஞ்சது ஜன்னல் வரைக்கும் தெரிஞ்சுது. பக்கத்து மிஷின் அக்காவும் பண்ணாங்க, அவங்களுக்குப் பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலன்னாங்க. எனக்கு இன்னொரு விசயம் தெரிஞ்சுது. துணி தள்ளும்போதெல்லாம் மூச்சப் புடிச்சுக்கறேன். இத்தன வருசம் தெரியவே இல்ல.

சோமனூர்_தறிவீடு

கோபி அண்ணா சொன்னத ஒரு வார்த்தை மாத்தாம ஒத்துக்கறேன். நாற்காலியும் டேபிள் உயரமும் கம்பெனி பொறுப்பு. இதையும் சேத்துப் பாருங்க: மூச்சப் புடிக்கறோம்னு தெரிஞ்சுக்கிட்ட தொழிலாளி, "இந்த உயரம் எனக்கு ஆகல, ரெண்டு இஞ்சு எறக்குங்க"ன்னு தெளிவாக் கேப்பா. தெரியாதவ "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லுவா, மாத்திரை கையில வரும்.

ஆழியாறு_அன்பர்

வாழ்க வளமுடன். இதையெல்லாம் படிக்கும்போது நம் வேதாத்திரி மகரிஷி அருளிய எளியமுறை உடற்பயிற்சிதான் நினைவுக்கு வருகிறது. கை, கால், மூச்சு, கண் பயிற்சியில் தொடங்கி உடல் தளர்த்தலில் முடியும் ஒன்பது பகுதிகள். ஆழியாறு அறிவுத்திருக்கோயிலிலும் ஊர்தோறும் உள்ள மன்றங்களிலும் எத்தனையோ ஆயிரம் பேர் செய்கிறார்கள். கையில் இருக்கும் பொக்கிஷத்தை விட்டுவிட்டு வெளிநாட்டில் ஏன் தேட வேண்டும்?

சோமனூர்_தறிவீடு

வாழ்க வளமுடன் ஐயா. எங்கம்மா மன்றத்துல கத்துக்கிட்டு இன்னைக்கும் விடாமப் பண்றாங்க. அந்தக் கடைசி உடல் தளர்த்தல் பகுதியில பாதத்துல இருந்து தலை வரைக்கும் ஒவ்வொரு இடமா மனச வெச்சுப் போறது, நான் சொல்றதுக்கு நெம்பக் கிட்ட இருக்கு. அத விடச் சொல்லவே மாட்டேன்.

வித்தியாசம்னு எனக்குப் படறது இதுதானுங்க. அங்க அசைவு முன்னாடியே முடிவு பண்ணது, எல்லாருக்கும் ஒண்ணு, தினமும் அதேதான். பழகிட்டா மனசு வேற எங்கயாவது இருக்கும்போதே கை தானாப் பண்ணிரும். ஃபெல்டன்கிரைஸ் பாடத்துல ஒவ்வொரு தடவையும் வேற வேற புதிர். "இப்ப எந்த விலா எலும்பு நகருது? மூச்சு எங்க நிக்குது? இதவிடப் பாதி பலத்துல முடியுமா?"ன்னு கேள்வியாவே போகும். சரியான வடிவம்னு ஒண்ணக் காட்டவே மாட்டாங்க. அதனால மனசு நழுவ வழியில்ல.

ஏன் பலத்தக் கொறைக்கச் சொல்றாங்கன்னா, அதுக்கு 19ஆம் நூற்றாண்டுலயே ஜெர்மன் விஞ்ஞானி வெபர் காட்டின ஒரு விதி இருக்கு. மஞ்ச மூட்டையச் சுமந்துட்டு நிக்கறவர் மேல இன்னும் ஒரு பிடி மஞ்சள வெச்சாத் தெரியாது. வெறும் உள்ளங்கையில அதே பிடிய வெச்சா உடனே தெரியும். தசை முழு பலத்துல இறுகியிருந்தாச் சின்ன வித்தியாசம் மூளைக்குத் தெரியாது. தெரியாதத மாத்தவும் முடியாது. மெதுவா, சின்னதான்னு திரும்பத் திரும்பச் சொல்றது சோம்பேறித்தனத்துக்கு இல்லீங்க.

அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: அதே கைப்பயிற்சிய ஒரு நாள் பாதி வேகத்துல, கண்ண மூடிப் பண்ணுங்க. பண்ணிட்டு, எடது கை மோதிர விரல் எங்க இருக்குன்னே இதுவரை நினைச்சதில்லன்னாங்க.

காங்கேயம்_கும்மி

நான் வள்ளி கும்மி சொல்லித் தர்றவன். எனக்கு இந்த இழையில சொல்ல ஒண்ணு இருக்கு.

கும்மி இப்ப நம்ம பக்கம் ஊர் ஊரா நடக்குது. அரங்கேற்றம்னா நூத்துக்கணக்குல ஒரே நேரத்துல ஆடறாங்க, மணிக்கணக்கா ஆடறாங்க. அம்பது வயசுக்கு மேல முதல் தடவையா ஆட வர்ற அம்மணிகளும் உண்டு. முழங்கால் வலின்னு பாதியில நிக்கறவங்க எப்படி ஆடறாங்கன்னு பாத்தா, குனிஞ்சு கும்மி தட்டும்போது இடுப்புல மடங்காம முதுக வளைச்சுருவாங்க. திரும்பும்போது பாதம் தரையிலயே ஒட்டியிருக்கும், முழங்கால் மட்டும் திருகும். நான் முன்னெல்லாம் "இன்னும் வேகமா, இன்னும் குனிஞ்சு"ன்னுதான் சொல்லுவேன். எங்க ஆசிரியர் அப்படித்தான் சொன்னார். இப்பப் புதுசா வர்றவங்களுக்குப் பாட்டே இல்லாம, தாளம் இல்லாம, கால் மாத்தறத மட்டும் நெம்ப மெதுவா நடத்தறேன். எடை எந்தக் குதிகால்ல இருக்குன்னு வாய் விட்டுச் சொல்லச் சொல்றேன். சொல்லத் தெரிஞ்சவங்களுக்குத் திரும்பறப்பக் குதிகால் தானா எந்திரிக்குது. பொறவு வேகம் கூட்டினாலும் கலையறதில்ல.

வயசானவங்களுக்கு இத விட நல்ல உடற்பயிற்சி இல்லைன்னு நான் நம்பறேன். பாட்டு, கூட்டம், சிரிப்பு எல்லாம் சேர்ந்து வருது. ஜிம்முல அது வருமா?

பவானி_ஆத்துக்கரை

எங்கம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாசமாச்சு. கால் ஓரளவு தேறிருச்சு. இடது கைய உபயோகப்படுத்தவே மாட்டீங்கறாங்க. எல்லாமே வலது கைதான். "அந்தக் கை என்னுது இல்ல"ன்னு ஒரு நாள் சொன்னாங்க, எனக்குத் தாங்கல. அம்மா ஒரு காலத்துல குழித்தறியில ஜமக்காளம் நெஞ்சவங்க. அந்தக் கை என்ன வேகமா ஓடின கைங்க. ஏதாவது வழி இருக்குங்களா?

கோவை_இயன்முறை

வழி இருக்கிறது, தம்பி. நம்பிக்கையோடு படியுங்கள்.

அம்மா சொன்ன வார்த்தையை நரம்பு மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஒரு பக்கத்தையே மூளை கவனிக்காமல் விடுவது பக்கவாதத்துக்குப் பின் வரக்கூடிய ஒன்று. இன்னொன்று, கை அசையக்கூடியதாக இருந்தும் உபயோகிக்காமலே விட்டுவிடுவது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை ஆராய்ந்து, நல்ல கையைக் கட்டிவைத்துப் பலவீனமான கையை வேலை செய்ய வைக்கும் முறையை உருவாக்கினார். ஆனால் விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது தானாக அசைந்தால்தான் அது பொருந்தும். வீட்டில் நீங்களாகக் கட்டிவிட வேண்டாம். அம்மா தடுமாறி விழுந்தால் பிடித்துக்கொள்ள அந்த நல்ல கைதான் இருக்கிறது.

கண்ணாடிப் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம், சிகிச்சையாளர் ஒருமுறை காட்டிக்கொடுத்த பிறகு. இதற்கு வழிகாட்டியவர் நம் தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ்.ராமச்சந்திரன். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலிப்பதை ஆராயும்போது 1990களில் அவர் கண்டுபிடித்தது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, பலவீனமான கையை அதன் பின்னால் வைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே அசைக்க வேண்டும். வராத கை அசைவதாகக் கண் மூளைக்குச் சொல்லும்.

அம்மா ஜமக்காளம் நெய்தவர் என்பது பெரிய விஷயம். பந்தைப் பிடி, விடு என்பதைவிட, ஒரு நூல்கண்டை இரண்டு கையாலும் சுற்றச் சொல்லுங்கள். மூளைக்குத் தெரிந்த, அர்த்தமுள்ள வேலை அது. ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாவிட்டால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை வருகிறது. 2021லிருந்து நடக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும்: முகம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சுக் குழறுவது, இதில் எது திடீரென்று வந்தாலும் உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், காலையில் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கோபி_மஞ்சக்காடு

சார், நீங்க சொன்ன மருத்துவம் புரியுது. இந்த ஃபெல்டன்கிரைஸ் வழிக்கு ஆய்வு ஆதாரம் இருக்கா? நல்லா இருக்குன்னு நாலு பேர் சொல்றது ஆதாரமில்ல.

கோவை_இயன்முறை

நியாயமான கேள்வி. ஃபெல்டன்கிரைஸ் பற்றி 2015ல் ஹில்லியரும் வொர்லியும் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வயதானவர்களின் உடல் சமநிலையில் பலன் தெரிந்தது. ஆனால் பல ஆய்வுகளின் தரம் குறைவு என்றும் அவர்களே சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் ஆதாரம் போதாது என்று 2019ல் காப்பீட்டு மானியப் பட்டியலில் இருந்தே இதை எடுத்தார்கள்.

இதன் உறவுக்கார முறை அலெக்சாண்டர் முறை. டாஸ்மேனியாவில் 1869ல் பிறந்த எஃப்.எம்.அலெக்சாண்டர் ஒரு நடிகர். மேடையில் குரல் கம்மிப்போனதால் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கவனித்து உருவாக்கியது. பேசத் தொடங்கும் முன்பே தலையைப் பின்னுக்கு இழுக்கிறோம் என்று கண்டுபிடித்தார். நாள்பட்ட முதுகுவலிக்கு 2008ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 579 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. 24 பாடம் கற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்து, நாலு வாரத்தில் வலி இருந்த நாட்கள் சுமார் 3. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களுக்கு 21. இது நல்ல ஆய்வு.

ஆக என் நிலை: முதுகுவலிக்கும், வயதானவர்கள் விழாமல் இருப்பதற்கும் தயங்காமல் முயலலாம். எல்லா நோயும் தீரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி.

காங்கேயம்_கும்மி

விழறதப் பத்திச் சொன்னதால கேக்கறேன். எங்க அம்மிச்சி எம்பது தாண்டியும் தரையில உக்காந்து கையூனாம எந்திரிப்பாங்க. இப்ப அம்பது வயசுலயே டைனிங் டேபிள், கட்டில், சோபா. தரைக்குப் போறதே இல்ல.

கோவை_இயன்முறை

உங்கள் அம்மிச்சி செய்ததையே பிரேசிலில் சோதனையாக வைத்தார்கள். 51லிருந்து 80 வயது வரை 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பத்துக்கு மதிப்பெண் போட்டார்கள், கை ஊன்றினால் ஒன்று குறையும். 2012ல் வெளியானது. குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களிடையே அடுத்த சில வருடங்களில் இறப்பு அதிகமாக இருந்தது. உட்கார்ந்து எழுவதே ஆயுளைக் கூட்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கால் பலம், வளைவு, சமநிலை எல்லாம் சேர்ந்து அந்த ஒரு அசைவில் தெரிகிறது. முழங்கால் தேய்ந்தவர்கள் இதைத் திடீரென்று செய்து பார்க்க வேண்டாம். கட்டில் ஓரத்தைப் பிடித்தபடி ஆரம்பிக்கலாம்.

பவானி_ஆத்துக்கரை

சார், நூல்கண்டு குடுத்தேன். இடது கை சுத்தல. ஆனா வலது கை சுத்தும்போது கண்ட புடிச்சுட்டு இருந்துச்சு. கீழ விழுகல. நரம்பு டாக்டர்கிட்ட அடுத்த வாரம் போறோம். பதிவும் பண்ணியாச்சு.

திருப்பூர்_ஓவர்லாக்

அக்கா, எங்க லைன் வீட்டுல நாங்க ஏழெட்டுப் பேரு ஞாயித்துக்கெழமை சேந்து பண்ணலாம்னு இருக்கோம். நீங்க வேற எடத்துல எழுதியிருந்த இடுப்புக் கடிகாரம் பாடம் பாத்தோம். அத்தன பேரு படுக்க எடமில்ல. உக்காந்து பண்ண முடியுங்களா?

சோமனூர்_தறிவீடு

முடியும் கண்ணு. சாய்மானம் இல்லாத ஸ்டூலே இதுக்கு நல்லது. நுனியில உக்காந்து, உக்கார்ற எலும்பு ரெண்டும் பலகையில படறதத் தெரிஞ்சுக்கங்க. ஸ்டூல் மேல ஒரு கடிகாரம் வரைஞ்சிருக்கறதா நெனச்சுக்கங்க. 12 முன்னாடி, 6 பின்னாடி, 3 வலது, 9 இடது. எடைய 6 பக்கம் உருட்டினா முதுகு கொஞ்சம் வளையும், 12 பக்கம் உருட்டினா நிமிரும். தலைய நீங்களா நகத்தாதீங்க, அது தானா எப்படிப் போகுதுன்னு மட்டும் பாருங்க. அடுத்து 3ல இருந்து 9க்கு. கடைசியாத்தான் முழு வட்டம், சுருக்கா முடிக்கணும்னு இல்ல. பெடல் மிதிக்கற கால் பக்கம் ஒண்ணு ரெண்டு மணி எடத்துல வட்டம் தாவும், அங்க திரும்பத் திரும்ப மெதுவாப் போங்க. வலிச்சா வட்டத்தச் சிறுசாக்குங்க, அப்பவும் வலிச்சா நிறுத்திருங்க. ஒருத்தர் படிக்க மத்தவங்க பண்ணுங்க, அடுத்த வாரம் படிக்கறவங்கள மாத்திக்கங்க. மாசமா இருக்கறவங்க, டிஸ்க் பிரச்சனை இருக்கறவங்க யாராவது உண்டுன்னா முன்னாடியே இங்க எழுது, சார்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்.